இஞ்சின் போன 26 அடிப் பாய்ப்படகை உப்புவெளியிலிருந்து உள்துறைமுகத்துக்குக் கொண்டுபோக: ஆலோசனை வேண்டும்

#1 உப்புவெளிப்பாய்

வணக்கம். படகு 26 அடி. நீர்க்கோட்டில் 22 அடி. எடை ஏறக்குறைய 2.5 தொன், தண்ணீருக்குள் 1.4 மீற்றர் நிற்கும். பாய்மரம் தளத்தைத் துளைத்துக் கீழே ஏரா (படகின் அடிமரம்) வரைக்கும் இறங்கி நிற்கும் வகை.

டீசல் இஞ்சின் ஓடுகிறது, ஆனால் கியர்பொக்ஸையும் விசிறித் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் நாலு போல்ட்டும் அறுந்துவிட்டன. முன்பாய் கிழிந்திருக்கிறது, பெரிய பாய் நல்ல நிலையில். சுக்கான் சரி.

இப்போது திருகோணமலைக்கு வடக்கே உப்புவெளிக்கு முன்னால் 8 மீற்றர் ஆழ மணலில் நங்கூரத்தில் நிற்கிறது. திருகோணமலை உள்துறைமுகத்தில் ஒரு ஜெற்றிக்குக் கொண்டுபோக வேண்டும். இழுக்க 19 அடி பைபர் வள்ளமும் 25 குதிரைவலு இஞ்சினும் கிடைக்கும். படகின் டிங்கிக்கு (சின்னத் துணைப்படகு) 3.5 குதிரைவலு மோட்டர் உண்டு. சித்திரைப் புதுவருடம் முடிந்த கிழமை செய்ய நினைப்பு. என்ன கயிறு, எங்கே கட்டுவது, எந்த நேரம்?

#2 சீனன்குடா_மெக்கானிக்

கயிறு பிறகு. முதலில் தண்டைப் பாருங்கள். கப்ளிங் விட்ட தண்டை இப்போது பிடித்து வைத்திருப்பது கிளாண்ட் பக்கிங்கின் (தண்டு வெளியேறும் துளையில் தண்ணீரைத் தடுக்கும் அடைப்பின்) இறுக்கம் மட்டும்தான். படகை முன்னுக்கு இழுத்தால் தண்ணீர் விசிறியைப் பின்னுக்குத் தள்ளும். தண்டு மெல்ல மெல்லக் கழன்று பின்னால் போய், நல்ல காலமென்றால் விசிறி சுக்கானில் முட்டி நிற்கும். இல்லாவிட்டால், தண்டில் இருக்கும் பாதிக் கப்ளிங்கும் கழன்றால், முழுதாக வெளியே போய்விடும். நீர்மட்டத்துக்கு அரை மீற்றர் கீழே 25 மி.மீ. ஓட்டை ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 55 லீற்றர் தண்ணீரை உள்ளே விடும். மணிக்கு 3,300 லீற்றர். சின்னப் படகுகளில் இருக்கும், மணிக்கு 500 கலன் இறைக்கும் பம்ப், பற்றரி முழுதாக இருந்தாலும் இதற்கு ஈடுகொடுக்காது.

செய்ய வேண்டியது: தண்டை முன்னுக்கு இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கிளாண்டுக்கு முன்னால், படகின் உள்பக்கம், தண்டில் ஸ்டெயின்லஸ் ஹோஸ் கிளிப் இரண்டை அருகருகே இறுக்குங்கள். கிளிப்பின் திருகுத் தலைகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கட்டும். தண்டு பின்னுக்கு வழுக்கினாலும் கிளிப் கிளாண்டில் முட்டி நிற்கும். அது கடைசித் தடைதான். அதையே நம்பாமல், தண்டில் இருக்கும் பாதிக் கப்ளிங்கின் போல்ட் ஓட்டைகளில் 6 மி.மீ. கயிற்றைக் கோத்து முன்னால் இஞ்சின் தாங்கியோடு இழுத்துக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் கட்டினால் தண்டு சுழலவும் மாட்டாது. சுழல விட்டால் கிளிப் கிளாண்டை அரைத்துத் தின்னும்.

தண்டின் விட்டத்துக்குக் கூம்பாகச் செதுக்கிய மரத்தக்கை ஒன்றும் சுத்தியலும் கிளாண்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இழுத்துப் புறப்பட்டு முதல் பத்து நிமிடத்தில் ஒருவர் கீழே இறங்கி டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பிறகு அரை மணிக்கு ஒருமுறை.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. ஸ்டார்ட் ஆகாத டீசலைத் திரும்பத் திரும்பக் கிராங்க் பண்ணும்போது கடல்நீர் எடுக்கும் வால்வை மூடிவிட்டுப் பண்ணுங்கள். புகை தள்ளாத இஞ்சினில் அந்தத் தண்ணீர் சைலன்சரில் நிரம்பி, அங்கிருந்து சிலிண்டருக்குள் ஏறும். ஸ்டார்ட் ஆன உடனே திறக்க மறக்க வேண்டாம்.

#3 வெளிச்சவீடு

மெக்கானிக் சொன்னது முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

நேரம்: விடியற்காலை, வெளிச்சம் வந்த உடனே. சித்திரையில் வடகீழ்ப் பருவக்காற்றான வாடையும் ஓய்ந்திருக்கும், தென்மேற்குக் காற்றான கச்சானும் தொடங்கியிருக்காது. காலையில் தரைக்காற்று மெல்ல இருக்கும் அல்லது காற்றே இருக்காது. பத்துப் பதினொரு மணிக்குக் கடற்காற்று எழும்பும், பின்னேரம் இடிமழையோடு திடீர்க் காற்றும் வரலாம். உப்புவெளியிலிருந்து கோணேசர் மலையைச் சுற்றி, டச்பே என்ற குடாவைக் கடந்து, துறைமுக வாயால் உள்ளே போக ஏழெட்டுக் கடல் மைல் வரும். 3.5 நொட் (மணிக்கு 3.5 கடல் மைல்) வேகத்தில் இரண்டரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டால் எட்டரைக்கு உள்ளே.

கோணேசர் மலைக்குக் கிட்டப் போகாதீர்கள். செங்குத்துப் பாறையில் அடித்த அலை அப்படியே திரும்பி வந்து, வரும் அலையோடு மோதும். கடல் அமைதியாக இருக்கும் நாளிலும் அந்த இடத்தில் தண்ணீர் குத்துக்குத்தாக எழும். இழுவையில் உள்ள படகுக்கு அது மிக மோசம்: கயிறு தொய்யும், வெடுக்கென்று இறுகும், மறுபடி தொய்யும். கயிறும் அதைக் கட்டும் கிளீற்றும் போவது அந்த வெடுக்கில்தான். அரைக் கடல் மைலாவது விலகிப் போங்கள்.

நங்கூரத்தைப் பற்றி. உப்புவெளிப் பக்கத்திலும் டச்பேயிலும் கயிறு அறுந்தால் நங்கூரம் போட்டு நிற்கலாம். துறைமுக வாயில் முடியாது. கடலடிப் பள்ளத்தாக்கு கொட்டியாரக்குடாவுக்குள்ளேயே ஏறி வருகிறது. 40 மீற்றர் கயிறு அங்கே தரையைத் தொடாது. அந்தப் பகுதியில் உங்கள் மாற்றுவழி பெரிய பாய்தான். அதனால் பாயின் கட்டுகளை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அவிழ்த்து, ஏற்றும் கயிற்றைப் பாயில் மாட்டி, ஒரு மடிப்புக் குறைத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

துறைமுக அதிகாரசபைக்கும் கடற்படைக்கும் முன்கூட்டியே அறிவித்து அனுமதி எடுங்கள். கடற்படை டொக்யார்ட் பக்கம் ஒரு படகு இன்னொரு படகை மெதுவாக இழுத்துக்கொண்டு போனால் கேள்வி வரும். அந்த நேரம் நடுவில் நின்று பதில் சொல்ல முடியாது. வீ.எச்.எப். வானொலியில் 16ஆம் அலைவரிசை திறந்திருக்கட்டும். சீனன்குடாவுக்கு எண்ணெய்க் கப்பலோ மா ஆலைக் கப்பலோ வருகிறதா என்றும் அப்போதே கேளுங்கள். ஆழ வழியில் வரும் கப்பலுக்கு வழி விட வேண்டியது நாங்கள்தான்.

#4 கொட்டியாரக்குடா

தம்பி, விடியக் காலமை எண்டா உப்புவெளியில கரைவலை வளைச்சிருப்பாங்கள். கயிறு கடலுக்குள்ள எவ்வளவு தூரம் கிடக்குது எண்டு தெரியாது. முதல் நாள் பின்னேரம் வாடியில போய் எங்க வளைக்கிறாங்கள் எண்டு கேளுங்கோ. நேர வெளிய போய்ட்டுப் பிறகு தெற்க திரும்புங்கோ. வலைக்கு மேலால இழுத்தா ஏரா கொழுவும்.

கயிறு வாங்கேக்க கவனம். கடையில எல்லாத்தையும் நைலோன் கயிறு எண்டுதான் தருவாங்கள். ஒரு சாண் வெட்டித் தண்ணி வாளிக்குள்ள போட்டுப் பாருங்கோ. தாண்டா நைலோனா இருக்கலாம். மிதந்தா அது மற்றது, மினுக்கமா, கையில பிடிக்க முரடா இருக்கும். மிதக்கிற கயிறு இழுபடாது, வெயில்ல கிடந்தா மேல் நார் பொடியாக் கொட்டும். இழுக்கிறதுக்கு நைலோன்தான் வேணும்.

#5 உப்புவெளிப்பாய்

வாளிச் சோதனை செய்தேன் அண்ணா. வீட்டிலிருந்த பச்சைக் கயிறு மிதக்கிறது. புதிதாக வாங்குவதென்றால் என்ன தடிப்பு, எவ்வளவு நீளம்?

#6 வெளிச்சவீடு

மூன்று புரி நைலோன், 14 மி.மீ., 80 மீற்றர். புதிதாக இருக்கையில் ஏறத்தாழ நான்கு தொன் தாங்கும். நனைந்தால் பத்துப் பதினைந்து வீதம் குறையும், முடிச்சுப் போட்ட இடத்தில் பாதி போகும். அப்படியும் இந்தப் படகுக்குத் தாராளம். 2.5 தொன் படகை அமைதியான தண்ணீரில் 4 நொட்டில் இழுக்க முப்பது கிலோ இழுவிசைகூட வராது. 25 குதிரைவலுவுக்கு அது ஒன்றுமேயில்லை, ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. வள்ளக்காரருக்குப் பாரம் தெரியாது, கையைத் திருகுவார். இந்தப் படகின் நீர்க்கோட்டு நீளத்துக்கு 6.3 நொட்தான் உச்சம். அதை நெருங்க நெருங்க இழுவிசை மளமளவென ஏறும், பின்பக்கம் தண்ணீருக்குள் அமரும், சுக்கான் கைக்கு அடங்காது. போனில் வேகம் பார்த்து மணிக்கு 7 கி.மீ.க்கு மேல் போகவே கூடாது என்று முன்பே பேசி வையுங்கள்.

நீளத்தைக் கடல்தான் சொல்லும். இரண்டு படகும் ஒரே நேரத்தில் அலை முதுகில் ஏறி ஒரே நேரத்தில் இறங்க வேண்டும். ஒன்று ஏற மற்றது இறங்கினால் கயிறு வெடுக்கும். ஒரு அலை முதுகு கடந்து அடுத்தது வரும் விநாடிகளை எண்ணுங்கள், அதை அதாலேயே பெருக்கி, 1.56ஆல் பெருக்குங்கள். 6 விநாடி என்றால் 56 மீற்றர். ஆழ்கடல் அலைக்கு உரிய கணக்கு இது, கரைக்குக் கிட்ட அலை குறுகும். அந்த அளவில் தொடங்கி, கயிற்றைப் பார்த்து இரண்டு மூன்று மீற்றர் கூட்டிக் குறையுங்கள். கயிற்றின் நடுப்பகுதி தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் தொங்கினால் சரி. துறைமுகத்துக்குள் வந்ததும் 20 மீற்றராகக் குறைத்துவிடலாம்.

பாய்ப்படகில் கட்டும் இடம்: முன்தளத்துக் கிளீற்றை நம்பாதீர்கள். தளத்துக்குக் கீழே கை விட்டுத் தடவிப் பாருங்கள். போல்ட்டுக்குப் பின்னால் அகலத் தகடு இல்லாமல் வெறும் வொஷர் என்றால் அது பாரத்துக்கு இல்லை. உங்கள் பாய்மரம் ஏராவில் நிற்பதால் அதன் அடியில், தளத்தோடு ஒட்டியபடி, கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி முன்னுக்கு எடுக்கலாம். தளத்தின் மேல் நிற்கும் பாய்மரத்தில் இதைச் செய்யவே கூடாது, அடி வழுக்கினால் மரம் முழுதாகச் சரியும். அணியத்தில் (படகின் முன்முனையில்) கயிறு உருளையில் உரசும் இடத்துக்கு அரை மீற்றர் தண்ணீர் ஹோஸை நீளத்துக்குக் கீறி மாட்டி, மேலே துணி சுற்றி நூலால் கட்டுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஒரு சாண் கயிறு விட்டால் உரசும் இடம் மாறும்.

நுனியை முடிச்சுப் போட்டு விடாதீர்கள். பாய்மரத்தைச் சுற்றிய பின் வின்ச்சில் நாலு சுற்று, பிறகு கிளீற்றில் எட்டுப்போல் சுற்றி விடுங்கள். பாரத்தோடு இருக்கும்போதே அவிழ்க்க முடிய வேண்டும்.

#7 கொட்டியாரக்குடா

வள்ளத்தில கட்டுறது இன்னொரு கதை. பின்பக்கம் ஒரே மூலையில கட்டினா வள்ளம் அந்தப் பக்கமே இழுபடும், திருப்பேலாது. ரெண்டு மூலையிலயும் ஒவ்வொரு நுனியைக் கட்டி, இஞ்சினுக்குப் பின்னால மூண்டு மீற்றர் போய்ச் சேர்ற மாதிரி கவட்டை போடுங்கோ. அந்தச் சந்தியில பௌலைன் முடிச்சுப் போட்டு இழுவைக் கயிறு. கவட்டைக் கயிறு விசிறிக்குக் கிட்ட வராமப் பாக்கோணும்.

கயிறு இறுகி நிக்கேக்க அதுக்கு நேர பின்னால ஒருத்தரும் நிக்கக் கூடாது. நைலோன் இழுபட்டு அறுந்தா திரும்பி வாற வேகத்தில ஆளைச் சாய்க்கும். ரெண்டு வள்ளத்திலயும் கூர்க் கத்தி கையெட்டுற தூரத்தில. எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி.

கைச்சைகை பேசி வையுங்கோ: நிறுத்து, மெதுவா, கயிறை விடு. மூண்டும் போதும். இஞ்சின் சத்தத்தில போன் கேக்காது. வள்ளத்தில ஓட்டுறவர் முன்னுக்குப் பாக்க, இன்னொருத்தர் பின்னுக்குப் பாத்துக்கொண்டே இருக்கோணும்.

கூலியையும் எண்ணெய்க் காசையும் கயிறு குடுக்கிறதுக்கு முன்னமே பேசுங்கோ.

#8 கச்சான்காற்று

பெரிய பாய் நல்லாயிருக்கிறதென்றால் ஏன் இழுக்க வேண்டும்? பாயிலேயே போகலாமே. தரைக்காற்றில் கோணேசர் மலை வரை பக்கக்காற்றில் சுகமாக ஓடும்.

#9 வெளிச்சவீடு

மலை வரை சரி. அதற்குப் பிறகு துறைமுக வாயில் மேற்கே திரும்ப வேண்டும், தரைக்காற்று முகத்துக்கு நேரே. முன்பாய் இல்லாமல் பெரிய பாயில் மட்டும் இந்தப் படகு காற்றுக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும். திசை மாற்றும்போது நடுவில் வேகம் செத்து நிற்கும், மென்காற்றில் மறுபக்கம் திரும்பவே திரும்பாது. அகலமான கடலில் பரவாயில்லை, கப்பல் வழியில் அது முடியாது. கடற்காற்று எழும்பும்வரை வெளியே காத்திருந்து அதில் உள்ளே ஓடலாம் என்று சொல்வீர்கள். ஓடலாம், முன்பாயைத் தைத்தபிறகு. அப்போது நானும் இழுவையை விடப் பாயைத்தான் சொல்வேன்.

இழுபடும்போது பாய் ஏற்ற வேண்டாம். ஒரு வீச்சில் படகு வள்ளத்தை முந்தும், தொய்ந்த கயிறு நேரே விசிறிக்குள் போகும்.

#10 சீனன்குடா_மெக்கானிக்

வள்ளத்து இஞ்சினைப் பற்றி இரண்டு விஷயம்.

ஒன்று, மண்ணெண்ணெயில் ஓடுவதா என்று கேளுங்கள். மண்ணெண்ணெய் இஞ்சின் சூடாக, வேகமாக ஓடினால்தான் சுத்தமாக எரியும். இரண்டரை மணித்தியாலம் குறைந்த சுற்றில் ஓடினால் பிளக்கில் கரி பிடித்து, சரியாக ஜெற்றிக்கு முன்னால் நின்றுவிடும். புதுப் பிளக் ஒரு சோடி, பிளக் சாவி வள்ளத்தில் இருக்கட்டும். துறைமுகத்துக்குள் வந்ததும் பெற்றோலுக்கு மாற்றச் சொல்லுங்கள். கடைசிப் பகுதியில் ஐடிலும் ரிவேர்ஸும்தான் வேலை.

இரண்டு, அந்த ரிவேர்ஸ். கரைக்கு ஏற்றி இறக்கும் வள்ளங்களில் இஞ்சின் தானாகத் தூக்குவதற்காக, ரிவேர்ஸில் அதைக் கீழே பிடித்து வைக்கும் பின்பூட்டைக் கழற்றி வைத்திருப்பார்கள். அப்படியே ரிவேர்ஸ் போட்டால் இஞ்சின் தண்ணீரை விட்டு மேலே தூக்கி வெறுமனே சுழலும். பிரேக் இல்லாத வண்டிதான். உப்புவெளியிலேயே, கயிறு கட்ட முன்னரே, ஒருமுறை முழு ரிவேர்ஸ் போட்டுப் பாருங்கள்.

#11 உப்புவெளிப்பாய்

பின்பூட்டு உண்மையிலேயே கழற்றிக் கிடக்கிறது. பூட்டலாம் என்கிறார். இனி ஜெற்றி. கயிற்றின் நுனியில் பின்னால் வரும் படகை எப்படி நிறுத்துவது? கடைசியில் கயிறை விட்டுவிட்டு, வரும் வேகத்தில் ஆட்கள் கையால் பிடிக்கலாமா?

#12 வெளிச்சவீடு

கையால் பிடிக்க நினைக்கவே வேண்டாம். 2.5 தொன் 2 நொட்டில் வரும்போது அதற்குள் இருக்கும் சக்தி 1 நொட்டில் இருப்பதைவிட நான்கு மடங்கு. ஒரு ஆள் 25 கிலோ விசையில் முழு மூச்சாகத் தள்ளினால் 2 நொட் படகு நிற்க ஐந்து மீற்றருக்கு மேல் வேண்டும். அந்த ஐந்து மீற்றரில் அவருடைய கால் ஜெற்றிக்கும் படகுக்கும் நடுவில் இருக்கும்.

ஜெற்றிக்கு முன்னால், காற்று ஒதுங்கிய, இடமுள்ள தண்ணீரில் பின்னிழுவையை முடித்து, வள்ளத்தைப் பாய்ப்படகின் பக்கத்தோடு ஒட்டிக் கட்டுங்கள். வள்ளம் வேகத்தைச் சட்டென்று குறைக்கக் கூடாது, ஒரு நிமிடம் எடுத்துக் குறைக்கட்டும். பாய்ப்படகில் ஒருவர் தொய்யும் கயிற்றை உடனுக்குடன் மேலே எடுக்க, சுக்கான்காரர் சற்று ஒரு பக்கம் விலகட்டும். நேரே பின்னால் வந்தால் வள்ளத்தின் முதுகில் ஏறும்.

ஜெற்றி இடப்பக்கம் வருமென்றால் வள்ளம் வலப்பக்கம். வள்ளத்தின் பின்பகுதி பாய்ப்படகின் பின்பகுதியைத் தாண்டி ஒரு மீற்றராவது பின்னால் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பவே முடியாது. நடுவில் பழைய ரயர், உரப்பை சுற்றிக் கட்டியது. வெறும் ரயர் வெள்ளைப் படகில் கறுப்புக் கோடு போடும், அது லேசில் போகாது.

நாலு கயிறு. முதல் கயிறு வள்ளத்தின் அணியத்திலிருந்து பின்னோக்கிப் பாய்ப்படகின் பின்பக்க வின்ச்சுக்கு. முன்னுக்குத் தள்ளும் பாரம் முழுவதும் இதில்தான், இதைத்தான் முதலில் இறுக்க வேண்டும். இரண்டாவது, வள்ளத்தின் பின்மூலையிலிருந்து முன்னோக்கிப் பாய்ப்படகின் நடுவுக்கு. ரிவேர்ஸ் போடும்போது இழுப்பது இது. பிறகு அணியத்துக்கு அணியம் ஒன்று, பின்னுக்குப் பின் ஒன்று. அணியக் கயிற்றைச் சற்று அதிகம் இறுக்கி வள்ளத்தின் மூக்கு கொஞ்சம் உள்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். எல்லாம் கம்பிபோல் இறுக்கமாக இருந்தால் இரண்டும் ஒரே படகாக நடக்கும். தொய்வு இருந்தால் ஒன்றோடொன்று அடித்துக்கொள்ளும்.

வலப்பக்கம் கட்டிய வள்ளம் முன்னுக்குத் தள்ளினால் பாய்ப்படகின் அணியம் இடப்பக்கம் போகும். ரிவேர்ஸ் போட்டால் அணியம் வலப்பக்கம் விலகி, பின்பக்கம் ஜெற்றிப் பக்கம் வரும். இதை எதிர்த்து மல்லுக்கட்டாமல் உதவியாக எடுங்கள். அணியத்தை ஜெற்றிக்கு 20, 25 பாகை சாய்த்து, 1 நொட்டுக்கும் குறைவாக வந்து, ஒரு படகு நீளம் இருக்கையில் ரிவேர்ஸ் போட்டால் படகு நிற்கவும் நேராகவும் ஒரே நேரத்தில் ஆகும்.

முதலில் கொடுக்க வேண்டியது அணியக் கயிறல்ல, பாய்ப்படகின் நடுக் கயிறு. ஜெற்றியில் இருப்பவர் அதைப் பின்னால் உள்ள தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, மெல்ல வழுக்க விட்டு இறுக்கட்டும். அணியக் கயிற்றை இழுத்துப் பிடித்தால் மூக்கு உள்ளே திரும்பிச் சுவரில் குத்தும்.

நேரே ஜெற்றிக்குப் போக முன்னர், திறந்த தண்ணீரில் ஒரு மிதவையை ஜெற்றியாக நினைத்து இரண்டு தரம் நிறுத்திப் பாருங்கள். எத்தனை மீற்றரில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

#13 உப்புவெளிப்பாய்

வள்ளத்து இஞ்சின் அந்த நேரம் நின்றுவிட்டால்?

#14 கச்சான்காற்று

டிங்கியை அதே முறையில் பக்கம் கட்டுங்கள். மோட்டரை நேராகப் பூட்டிவிட்டு, திருப்புவதைப் பாய்ப்படகின் சுக்கானால் செய்யுங்கள். காற்றில்லாத தண்ணீரில் 3.5 குதிரைவலு 2, 2.5 நொட் கொடுக்கும். 12 நொட் காற்று எதிரே என்றால் நின்ற இடத்திலேயே நிற்கும்.

டிங்கியின் மோட்டரும் ஓடாவிட்டால் நங்கூரத்தை முன்னால் கொண்டுபோய்ப் போட்டு இழுத்துப் போவது. உள்துறைமுகத்தில் ஜெற்றிக்குக் கிட்ட ஆழம் எட்டு மீற்றருக்குள் இருந்தால்தான் இது. பலரும் விடும் பிழை, கயிற்றைப் படகிலிருந்து விடுவது. டிங்கியில் துடுப்புப் போடுபவர் நங்கூரத்தோடு நீண்ட கயிற்றையும் தண்ணீருக்குள்ளால் இழுக்க வேண்டி வரும், பாதி தூரத்தில் கை ஓய்ந்துவிடும். கயிறு முழுவதும் டிங்கிக்குள் சுருண்டு கிடக்கட்டும், நுனி மட்டும் படகில். போகப் போக டிங்கியிலிருந்து விழ விடுங்கள். நங்கூரத்தை மடியில் வைத்திருக்காதீர்கள், டிங்கியின் பின்னால் ஒரு மெல்லிய கயிற்றில் தொங்கவிட்டு, இடம் வந்ததும் அதை வெட்டிவிடுங்கள். ஒரு தடவைக்கு முப்பது மீற்றர், வின்ச்சில் ஆறுதலாகச் சுற்றினால் போதும்.

#15 சீனன்குடா_மெக்கானிக்

ஜெற்றியில் கட்டியதும் எல்லாரும் தேத்தண்ணிக்குப் போய்விடுவீர்கள். அதற்கு முன் கிளாண்டைப் பாருங்கள். நிமிடத்துக்கு ஓரிரு சொட்டு என்றால் பயமில்லை. ஓடையாக வடிந்தால் பக்கிங் நட்டைக் கால் திருப்பு இறுக்கிவிட்டு, பம்பின் மிதவைச் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று கையால் தூக்கிப் பாருங்கள். கிளிப்பையும் 6 மி.மீ. கட்டுகளையும் கழற்ற வேண்டாம், புதுப் போல்ட் நாலும் ஏறி இறுகும்வரை அப்படியே இருக்கட்டும். பழைய போல்ட்டின் தலை ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தலையில் எண் குத்தியிருக்கும், அதே தரத்தில் வாங்க வேண்டும். நாலும் சேர்ந்து அறுந்ததென்றால் தண்டும் இஞ்சினும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். கப்ளிங் முகங்களுக்கு நடுவில் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு நாலு பக்கமும் அளக்காமல் புதுப் போல்ட்டை இறுக்கினால் அதுவும் அறும்.